ஈஸ்வரி தைத்த காக்கிச் சட்டை

ஆயுத பூசைக்கு முந்தின நாள் அது. அன்புசெல்வன் வேலை பார்க்கும் கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் பூசையை முன்கூட்டியே முடித்து, பொரியும் கடலையும் ஒரு பெட்டி இனிப்பும் கொடுத்துத் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் இருவரும் காலாண்டு விடுமுறைக்காகப் பள்ளிப்பட்டிலுள்ள மாமன் வீட்டிற்குச் சென்றிருந்தனர். ஆகவே, கவரைப்பேட்டை இரயில் பாதையை ஒட்டிய அந்த வாடகை வீடு, என்றும் இல்லாத அமைதியோடு புரட்டாசி வெயிலில் கிடந்தது. சரக்கு வண்டி கடக்கும்போது மட்டும் அடுக்களையில் தட்டுகள் மெல்லக் கிணுகிணுத்து அடங்கின.

மூன்று ஷிப்டுகளில் மாறி மாறி வேலைக்குச் செல்பவனுக்குப் பகல் என்பது உறங்குவதற்கே. இன்றோ உறக்கம் வரவில்லை. கையும் சும்மா இருக்க மறுத்தது. மனைவி ஈஸ்வரி பூசணிக்காய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். சன்னலோரம் இருந்த அவளுடைய தையல் எந்திரம் அவன் கண்ணில் பட்டது.

ஆலையில் அவன் எந்திரங்களைப் பழுது பார்ப்பவன். பூசைக்கு முன் எந்திரத்தைத் துடைத்து, அசையும் இடமெல்லாம் எண்ணெய் வழிய வழிய விடுவது அவனுடைய பிரிவின் வழக்கம். எண்ணெய் சொட்டினால்தான் அவர்களுக்கு மனம் நிறையும். மனைவியின் எந்திரத்திற்கும் அந்த மரியாதையைச் செய்ய எண்ணினான். தன் வண்டிக்கு வாங்கியதில் மீந்திருந்த என்ஜின் ஆயிலை எடுத்து, தெரிந்த துளைகளில் எல்லாம் தாராளமாக ஊற்றினான். சக்கரத்தைச் சுற்றினான், ஓசையே இல்லை. பெருமிதத்தோடு கையைத் துடைத்துக்கொண்டான்.

ஈஸ்வரி வந்தவுடன் தைக்க அமர்ந்தாள். கையிலிருந்தது தமிழ்செல்வியின் காக்கிச் சட்டை. பக்கத்துத் தெருவில் வசிக்கும் தமிழ்செல்வி, கடன் வாங்கி ஆட்டோ எடுத்து, இரயில் நிலையத்து ஆட்டோ நிறுத்தத்தில் சேர்ந்த முதல் பெண். கடையில் வாங்கிய ஆண்கள் சட்டை அவளுக்கு முழங்கால்வரை தொங்கியது. "இன்னா தங்கச்சி, மாமனார் சொக்காவ மாட்டிக்கினு வந்துட்டியா?" என்று நிறுத்தத்தில் அன்றாடம் சிரித்தார்கள். நாளை காலை ஆறு மணிக்கு எல்லா ஆட்டோக்களையும் வரிசையாக நிறுத்திப் பூசை. அந்த வரிசையில் அவள் நிற்கும் முதல் ஆண்டு. தன் உடம்புக்கு அளவெடுத்த சட்டையோடு நிற்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. மாலை ஐந்து மணிக்குத் தருவதாக ஈஸ்வரி வாக்குக் கொடுத்திருந்தாள். இன்று விளக்கேற்றிப் பொட்டு வைத்துவிட்டால், விசயதசமிவரை அவள் எந்திரத்தைத் தொடமாட்டாள்.

ஐந்தாறு தையல்தான் ஓடியிருக்கும். எந்திரத்தின் அழுக்கோடு சேர்ந்து கறுத்த எண்ணெய் ஊசியின் வழியே இறங்கி, சட்டையின் இடது முன்பக்கத்தில் உள்ளங்கை அகலத்திற்குப் பரவியது.

ஈஸ்வரி மிதியிலிருந்து காலை எடுத்தாள். எந்திரத்தை முகர்ந்து பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"யோவ், இன்னா ஊத்துன இதுல?"

"எண்ணதான். டைட்டா இருந்திச்சேன்னு..."

"இது இன்னா உன் கம்பெனி மிசினா? ரெண்டு சொட்டு போதும்யா இதுக்கு! அதுவும் தண்ணி மாதிரி எண்ண!"

'குந்தின இடத்துல செய்ற வேலைதானே' என்று அவளுடைய தொழிலை எத்தனையோ முறை கேலி செய்தவன் அவன். இப்போது அந்தக் கறையைப் பார்க்கவே அவனால் முடியவில்லை.

"நான் வேணா ஓடிப்போய் வேற துணி வாங்கினு வரட்டா?"

"அதே கலர் இன்னிக்கி எங்க தேடுவ? கிடைச்சாலும் நனைச்சு, காயவெச்சு, வெட்டறதுக்கு நேரம் ஏது?"

"அப்போ அது மேல ஒரு பாக்கெட் வெச்சிடு. மறைஞ்சிடும்."

"மறையாது. வெயில்ல ஓட்றவ. சூடு ஏறுனா எண்ண மறுபடியும் மேல வரும். சரி, நீ மிசினக் கழட்டு. நான் சொல்றத மட்டும் செய்."

வண்டியிலிருந்து பெட்ரோல் எடுத்து, பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு பகுதியாக அவன் தேய்த்துக் கழுவினான். துடைத்து, வெயிலில் உலர்த்தி, மறுபடியும் பூட்டினான். அவள் தன்னுடைய மெல்லிய எண்ணெயை எண்ணி ஆறு சொட்டு விட்டாள். பின்பு பழைய வேட்டித் துணி ஒன்றை வைத்து ஓட்டினாள். முதல் வரிசை கறுப்பு, பத்தாவது சாம்பல், இருபதாவது வெள்ளை.

"ஆச்சு, ஆச்சு! இனிமே தைக்கலாம்" என்றான் அவன்.

அவளோ தைத்த இடத்தின்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, நகத்தால் அழுத்தித் தேய்த்து, தாளைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அதில் ஒரு நிழல் மட்டும் தெரிந்தது. மறுபடியும் பதினைந்து வரிசை ஓட்டினாள். ஆலையில் சரக்கைச் சோதிக்கும் அதிகாரிகளில் இத்தனை கண்டிப்பான ஒருவரையும் அவன் கண்டதில்லை.

அடுத்து அவள் செய்ததை அவன் எதிர்பார்க்கவேயில்லை. மீந்த காக்கித் துண்டுகளைத் தரையில் பரப்பினாள். முழு முன்பக்கத்திற்கு எந்தத் துண்டும் போதவில்லை. அளவுநாடாவைத் தொடாமல், கண்ணாலேயே அளந்து, ஒரு துண்டைத் திருப்பினாள், இன்னொன்றைச் சாய்த்தாள். கறைபட்ட பகுதியை வெட்டி எறிந்து, தோளிலிருந்து மார்புவரை ஒரு ஒட்டு கொடுத்தாள். பிறகு, ஒரு குறையும் இல்லாத வலது பக்கத்தையும் அஞ்சாமல் வெட்டினாள்.

"ஏய், அது நல்லாதானே கீது! அத ஏன் வெட்ற?"

"ஒரு பக்கம் மட்டும் ஒட்டு இருந்தா கிழிஞ்சதுன்னு சொல்லுவாங்க. ரெண்டு பக்கமும் இருந்தா அது மாடல்யா."

மதியச் சோற்றை அவனே வடித்தான். அவள் எழுந்து வரவில்லை. வளைவு வரும் இடத்தில் அவளுடைய பாதம் தானாகவே வேகம் தணிந்தது, நேர்க்கோட்டில் விரைந்தது. ஊசிக்கும் விரலுக்கும் இடையே ஒரு நெல்மணி அளவே இடைவெளி. பதினோரு ஆண்டுகளாகத் தன் வீட்டிலேயே நடந்துவந்த இந்த வேலையைத் தான் இன்றுதான் பார்ப்பதாக அன்புசெல்வன் உணர்ந்தான். எட்டு டன் அழுத்தும் எந்திரத்தின் அருகில் நின்றபோதும் அவன் இவ்வாறு மூச்சை அடக்கியதில்லை.

ஐந்து மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சட்டையைக் கொடுக்கும் முன்னரே ஈஸ்வரி நடந்ததைக் கூறிவிட்டாள்.

"எண்ண கொட்டிடுச்சு தமிழு. வெட்டி ஒட்டிகீறேன். புடிக்கலன்னா சொல்லிடு."

தமிழ்செல்வி சுடிதாரின்மேல் சட்டையை மாட்டிக்கொண்டு தோளைத் தடவிப் பார்த்தாள். "அக்கா! இது போலீஸ்கார அம்மா சட்ட மாதிரி கீதுக்கா!"

"அதெல்லாம் அப்புறம். போய் வண்டில உக்காரு. ஹேண்டில இந்தப் பக்கம் வளை. அந்தப் பக்கம் வளை."

அவள் வளைத்தபோது இடது அக்குளருகே துணி சற்று இழுத்தது. பார்த்துக்கொண்டிருந்த அன்புசெல்வனுக்கு அது தெரியவேயில்லை. "பரவால்லக்கா, போதும்" என்றாள் தமிழ்செல்வி. "நாளெல்லாம் ஓட்டப்போறது நீ. கழட்டு" என்று ஈஸ்வரி சட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பத்து நிமிடம் கழித்து வந்தாள். இம்முறை ஹேண்டிலை எந்தப் பக்கம் வளைத்தாலும் சட்டை தமிழ்செல்வியோடு திரும்பியது.

"நாளைக்கு எவனாவது மாமனார் சொக்கான்னு சொல்லட்டும், அப்ப கீது அவனுக்கு!" என்று சிரித்தபடி தமிழ்செல்வி வண்டியைக் கிளப்பினாள். தெருமுனையில் திரும்பும்வரை ஈஸ்வரியின் கண்கள் அந்தத் தோள்களின் மீதே இருந்தன.

"காலைல ஆறு மணிக்கு நானும் ஸ்டாண்டுக்குப் போறேன்" என்றான் அன்புசெல்வன்.

"நீ எதுக்கு? உங்கிட்ட ஆட்டோவா கீது?"

"யாரு தெச்சதுன்னு கேப்பானுங்க இல்ல? சொல்றதுக்கு ஆள் வேணாமா?"

ஈஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சிரிப்பை மட்டும் துடைக்க முடியவில்லை.

"சொல்லு, சொல்லு. எண்ண ஊத்துனது யாருன்னும் சேத்துச் சொல்லு."