பாலையடிமேட்டுப் பலகை

தாட்சாயினி பிரதேச செயலகத்தில் மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் வருவதைத் தமிழில் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. அன்று காலை மேசைக்கு வந்த தாளில் ஒரேயொரு வரிதான் இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தாள். பாலையடிமேட்டில் நடப்போகிற தொல்லியல் பலகைக்கான வாசகம்: ‘பலுகஸ்கொட. பாதுகாக்கப்பட்ட இடம்.’

பாலையடிமேடு அவள் வாழ்க்கைப்பட்ட ஊர். வயல்களுக்கு நடுவே பழைய செங்கல் மேடு. அதன்மேல் ஊரவர்கள் பொங்கிப் படைக்கும் வைரவர் சூலம். போன மாதம் அதிகாரிகள் வந்து சுற்றிவர எல்லைக்கட்டை அடித்துவிட்டு, அது பழைய பௌத்த விகாரை இருந்த இடம் என்று சொல்லிப் போனார்கள். இருந்திருக்கலாம், அதில் ஊருக்குச் சண்டையில்லை. ஊர் பயந்தது வேறொன்றுக்கு. காணிப் பத்திரங்களில் எல்லாம் பாலையடிமேடு என்றுதான் இருக்கிறது. பலகையில் அந்தப் பெயர் இல்லாமல் போனால், நாளைக்கு அப்படியொரு ஊரே கிடையாது என்பார்கள்.

பெயர்களை ஒலிக்கிறபடியே தமிழெழுத்தில் எழுத வேண்டும் என்பது அலுவலக வழக்கம். அப்படிப் பார்த்தால் தமிழிலும் பலுகஸ்கொடதான். மீறினால் எந்த மூலைக்கு மாற்றுவார்களோ தெரியாது. வீட்டிலோ கைக்குழந்தை. கணவன் ஞானரூபனுக்குத் தொலைபேசி எடுத்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

“உன்ர விருப்பம்தானப்பா,” என்றான் அவன். “ஆனா நீதான் எழுதினதெண்டு சனத்துக்கு எப்பிடியும் தெரியவரும்.”

மத்தியானமும் அவள் மேசையை விட்டு எழும்பவில்லை. அந்தச் சொல்லையே வெறித்துக்கொண்டிருந்தவள், வாய்க்குள் மெல்லப் பிரித்துச் சொல்லிப் பார்த்தாள். பலு கஸ் என்றால் பாலை மரம். கொட என்றால் மேடு. பயத்தில் இத்தனை தரம் படித்தும் இது புத்தியில் ஏறவில்லையே என்று தன்மேலேயே கோபம் வந்தது. ‘பாலையடிமேடு’ என்று எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டாள்.

மறுநாளே தொல்லியல் அதிகாரி விதானகே கூப்பிட்டனுப்பினார். பதவி உயர்வுப் பரீட்சைக்காகத் தமிழ் படித்தவர். எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

“மிஸ், இது பெயர். பெயரை யாரும் மொழிபெயர்க்கிறதில்லையே,” என்றார் சிங்களத்தில்.

அவள் விடவில்லை. “எது பெயர், எது மொழிபெயர்ப்பு சேர்? ரெண்டுக்கும் ஒரே கருத்துதான். எது முதல் வந்ததெண்டு உங்களுக்குத் தெரியுமா?”

அவர் தாளைத் திருப்பி வைத்தார். “தெரியாது. உங்களுக்கு?”

“எனக்கும் தெரியாது சேர்.”

விதானகே தாளைக் கோப்பில் செருகினார். பிறகு அவர் சொன்னார்: “சரி, மேல அனுப்புறன். ஆனா அவங்க கேட்டா, பதில் நீங்கதான் சொல்லவேணும்.”

அதன்பின் தொலைபேசி அடித்தபோதெல்லாம் மேலிடமோ என்று ஓடிப்போய் எடுத்தாள். ஊரிலும் நிம்மதியில்லை, கடைக்குப் போனால் பேச்சு நின்றது. ஊர்ப்பெயரை மாற்றிக் கொடுக்க அவள் விலைபோய்விட்டாள் என்று யாரோ கதை கட்டியிருந்தார்கள். மேலிடத்திலிருந்து கேள்வியும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

ஒருநாள் பிற்பகல் பலகையே வந்து இறங்கியது. ஊர்ச்சனம் திரண்டு நிற்க, அவள் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். மேலே சிங்களத்தில் பலுகஸ்கொட. கீழே தமிழில் ‘பாலையடிமெடு’. ஒரு நெடில் குறிலாகிப் போயிருந்தது. பெயர் தப்பிவிட்டதே என்று கூட்டத்தில் நிம்மதிப் பெருமூச்சுகள் கேட்டன. சிலர் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். கடையில் முகம் திருப்பிய பெண்ணொருத்தி வந்து குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள். எல்லைக்கட்டைகள் மட்டும் அடித்த இடத்திலேயே நின்றன.

ஞானரூபன் பிழையைக் காட்டி, திருத்தித் தரச் சொல்லிக் கேட்போமா என்றான்.

“வேண்டாமப்பா,” என்றாள் அவள் அவசரமாக. “திருத்தவெண்டு கழட்டிக்கொண்டு போனா, இதே பெயரோட திருப்பிக் கொண்டுவந்து நடுவாங்களெண்டு என்ன நிச்சயம்?”