ஒட்டன்சத்திரத்தில் இறக்கிய எடை

ஒட்டன்சத்திரத்தில் வாசித்துவிட்டுத் திரும்பும் நாட்களில் மட்டும் பாண்டியராஜின் இரும்புப் பெட்டிக்கு எடை இருப்பதில்லை. தாடிக்கொம்பிலிருந்து வந்தால் இருந்தது. குஜிலியம்பாறைத் திருவிழாவிலிருந்து வந்தால் எடையோடு கொஞ்சம் செம்மண்ணும் சேர்ந்து வந்தது. பாண்டியராஜ் திண்டுக்கல்லில் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன், குடியிருப்பது சின்னாளபட்டியில். மேடையில் பார்க்கிறவர்கள் டிரம்ஸ்தான் கனம் என்று நினைப்பார்கள். அது வெறும் மரவளையமும் தோலும் உள்ளே காற்றும். கனமெல்லாம் அதைத் தாங்கிப் பிடிக்கும் இரும்பில் இருக்கிறது: தாளத்தட்டுகளை மாட்டும் ஸ்டாண்டுகள், காலால் மிதிக்கும் பெடல், உட்காரும் முக்காலி, திருகுகள், கவ்விகள். எல்லாவற்றையும் போட்டுவைக்க பேகம்பூர் பக்கம் ஒரு கிரில் பட்டறையில் சொல்லிச் செய்த பெட்டி அது. இரண்டு ஆம்பிளைகள் மூச்சைப் பிடித்துத் தூக்கினால்தான் குட்டியானை வண்டியில் ஏறும். வண்டிக்காரர் கிதர் முகம்மது அதற்காகவே இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தார்.

பாண்டியராஜின் மனைவி முனீஸ்வரி இதைக் கண்டுபிடித்தது ஒரு வைகாசி மாதக் காலையில். வீடு கூட்டும்போது பெட்டி நடுக்கூடத்தில் கிடந்தது. எரிச்சலில் காலால் ஒரு தள்ளு தள்ளினாள். பெட்டி வழுக்கிக்கொண்டு போய் காலி பிஸ்கட் டின்போலச் சுவரில் முட்டி நின்றது. ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள், வந்தது. சாமானை எங்கோ விட்டுவிட்டு வந்துவிட்டார் மனுஷன் என்று திறந்தால் உள்ளே ஒன்றும் குறையவில்லை. ஒரு ஸ்டாண்டை எடுத்தாள். பப்பாளி இலைக் காம்பைப் பிடித்த மாதிரி இருந்தது. நகத்தால் சுண்டினாள், இரும்புச் சத்தம்தான் கேட்டது. மற்றவர்களாக இருந்தால் ஆச்சரியப்பட்டிருப்பார்கள். முனீஸ்வரி நூலை நிறுத்துக் கொடுத்து, நெய்த சேலையை நிறுத்து வாங்கும் தெருவில் பிறந்தவள். கொடுத்துவிட்ட எடை திரும்பி வரவில்லையென்றால் நடுவில் ஒரு கை இருக்கிறது என்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். யார் கை என்பது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

கணவன் எழுந்ததும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். வற்றிய கிணற்றில் ஊற்று சேர்வதுபோல, சில நாட்களில் பெட்டிக்குள் எடை தானாக ஊறிப் பழையபடி ஆனது. அடுத்த முறை ஒட்டன்சத்திரம் போய்வந்தபோது மறுபடியும் பஞ்சு. அன்றைக்கு அவள் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பீர் முகமதுவின் பழைய இரும்புக் கடைக்குப் போய்த் தராசில் வைத்தாள். முள் அசையவில்லை. பீர் முகமது கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"எடை இல்லாத இரும்ப நான் வாங்குறதில்லம்மா. ஏற்கெனவே தராசு மேல சனங்களுக்கு நம்பிக்கை கம்மி."

"விக்க வரல பாய். சாட்சிக்கு வந்தேன்."

அதற்குப் பிறகு ஒரு வருஷம் முழுக்க அவளுக்கு வேறு சிந்தனை இல்லை. கணவனின் சட்டைகளை மோந்து பார்த்தாள். மல்லிகைப்பூவோ சென்ட்டோ மணக்கவில்லை, வெங்காயம் மணத்தது. ஒருமுறை பையில் சின்ன வெங்காயத்தின் சருகு ஒன்று கிடந்தது. அதை எடுத்து சாமி மாடத்தில் விபூதித் தட்டுக்குக் கீழே வைத்தாள். போனைத் துழாவினாள். ஒன்றுமே இல்லாமல் அது அவ்வளவு சுத்தமாக இருந்ததே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. வேறு ஊரென்றால் முதுகு வலிக்கிறது என்று தட்டிக்கழிப்பவன், ஒட்டன்சத்திரத்தில் ஒரு செல்போன் கடை திறப்பு விழா என்றாலும் கிளம்பினான். கிதர் முகம்மதுவைத் தெருமுனையில் மறித்துக் கேட்டாள்.

"தங்கச்சி, நான் வண்டி ஓட்டுறவன். பின்னால என்ன கெடக்குதுன்னு திரும்பிப் பாக்குறதில்ல" என்றார் அவர். சொன்னதைவிட, சொல்லும்போது பெல்ட்டை இறுக்கிக்கொண்டதைத்தான் அவள் கவனித்தாள். கடைசியில் ஒருநாள் சோறு போடும்போது கணவனிடமே கேட்டாள்.

"ஒட்டன்சத்திரத்துல பெட்டிய எங்க எறக்குறீங்க?"

"மண்டபத்துலதான்."

"அப்பறம்?"

"அப்பறம் ஏத்துறோம். வெஞ்சனம் என்ன இருக்கு?"

ஒரு பாட்டுக்கு எப்படி வாசித்தேன் என்று அரை நாள் பேசுகிறவன் இரண்டே வார்த்தையில் நிறுத்திக்கொண்டது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது என்று முடிவு கட்டினாள். பிள்ளை இருக்குமா என்பதைப் பற்றி மட்டும் யோசிக்க வேண்டாம் என்று நினைத்து, அதைப் பற்றியே யோசித்தாள்.

ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம் ஒட்டன்சத்திரத்தில் வந்தது. குட்டியானையில் சாமான் ஏறியதும் முனீஸ்வரி புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். "நானும் வாரேன்" என்றாள். ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை வண்டிக் கண்ணாடியில் பார்த்தாள். கல்யாண மண்டபத்தில் அவள் பாட்டு எதையும் கேட்கவில்லை. கூட்டத்தில் இருந்த ஒவ்வொரு பெண்ணையும் கண்ணாலேயே எடை போட்டுப் பார்த்தாள். எல்லோரும் சாப்பாட்டையும் நகையையும் பார்த்தார்களே தவிர டிரம்ஸ் வாசிப்பவனை யாரும் பார்க்கவில்லை. பந்தி முடிந்து, வெயில் சாயும் முன்பே சாமானைப் பிரித்தார்கள். டிரம்ஸ் வண்டியில் ஏறியது. பெட்டி ஏறவில்லை. பாண்டியராஜும் கிதர் முகம்மதுவும் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மார்க்கெட்டுக்குப் பின்னால் லாரிகள் நிற்கும் சந்துக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் பின்னாலேயே போனாள். அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான், வராதே என்று சொல்லவில்லை.

சந்தின் கடைசியில் தகரம் போட்ட ஒரு வீடு. உள்ளே ஒரு பெண் இருந்தாள், ஆனால் தரையில் இல்லை. தகரத்துக்கும் கட்டிலுக்கும் நடுவே மிதந்தபடி, வெங்காய மூட்டையில் கட்டிய கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பெயர் அழகம்மாள். மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவள். அவள் புருஷன் கேரளாவுக்குக் காய்கறி லோடு ஏற்றிப் போனவன், லாரி மட்டும் வேறு டிரைவரோடு திரும்பி வந்தது. அந்த வாரமே அவள் குதிகால் தரையை விட்டது. முதலில் செருப்பு வழுக்குகிறது என்று நினைத்தாள். பிறகு மடியில் வெங்காயத்தைக் கட்டிக்கொண்டு நடந்தாள். அவள் பக்கத்தில் நின்றால் தராசு சரியாகக் காட்டுவதில்லை என்று வியாபாரிகள் ஒருவரையொருவர் சந்தேகப்படத் தொடங்கவே, மரியாதையாகவே வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். ஒரு கல்யாணத்தில் காய் நறுக்க வந்தவள் மண்டபத்தில் தரையை விட்டு மேலே எழும்பும்போது, கைக்கு அகப்பட்ட பெட்டியின் பிடியைப் பற்றினாள். இரும்பின் கனம் அவளுக்குள் இறங்கியது, அவள் தரைக்கு வந்தாள். பார்த்தவன் பாண்டியராஜ். அன்றிலிருந்து இது நடந்துவருகிறது.

"வாங்க, உக்காருங்க. இவங்கதானுங்களா உங்க வீட்டுக்காரம்மா?" என்றாள் அழகம்மாள் மேலேயிருந்து. வந்தவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்க முடியவில்லையே என்ற கூச்சம் அவள் முகத்தில் இருந்தது.

பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அழகம்மாள் குனிந்து பிடியைப் பிடித்தாள். மெல்ல இறங்கினாள். முதலில் கட்டைவிரல், பிறகு பாதம், பிறகு குதிகால். தரையில் பெயர்ந்திருந்த ஒரு கல் அவள் கனத்தில் கிறீச்சென்றது. முனீஸ்வரி அவளைப் பார்க்கவில்லை, கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அந்தப் பெண்ணின் முகத்தையோ இடுப்பையோ பார்க்கவில்லை. குதிகால் தரையில் படுகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டதும் மூச்சு விட்டான். தன் காலை அவன் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை என்று முனீஸ்வரிக்குத் தோன்றியது. தன் கால் எப்போதும் தரையில்தான் இருந்தது என்பதும் தோன்றியது. எது பெரிது என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

"நம்பியிருக்க மாட்டேன். ஆனா சொல்லியிருக்கணும்."

வெளியே கிதர் முகம்மது காரணமில்லாமல் இருமினார். முனீஸ்வரி அழகம்மாள் பக்கம் திரும்பினாள். இறங்கிய கனம் எவ்வளவு நாள் நிற்கும் என்று கேட்டாள். அடுத்த முகூர்த்தம் வரைக்கும் தாங்குமுங்க என்றாள் அவள்.

"ஆடியில கல்யாணமே இருக்காதே?"

"கட்டில்ல கட்டிப் போட்டுக்குவேனுங்க. மார்கழியிலயும் அப்படித்தான். பழகிடுச்சுங்க."

முனீஸ்வரி அந்தக் கயிற்றைப் பார்த்தாள். வெங்காயத்தின் சருகுகள் ஒட்டியிருந்த பழைய சணல் கயிறு, நடுவில் ரவிக்கைத் துணியைச் சுற்றியிருந்தாள், இடுப்பில் அறுக்காமல் இருக்க. பிறகு கணவனிடம் போனாள்.

"ஆடியிலயும் பெட்டி இங்க வரும். ஆனா நீங்க வரவேணாம். இனிமே நான் கொண்டாரேன்."

சந்தேகத்தில் சொன்னாளா இரக்கத்தில் சொன்னாளா என்று பாண்டியராஜ் பல நாள் யோசித்தான். கேட்கத் துணியவில்லை. கேட்டிருந்தாலும் இரண்டும்தான் என்று அவள் சொல்லியிருப்பாள். அந்த ஆடியில் கிதர் முகம்மதுவும் அவளுமாகப் பெட்டியை அந்தச் சந்துக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். அவளும் இடுப்பில் ஒரு பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கச்சேரி நாட்களில் பாண்டியராஜ் மண்டபத்தில் உட்கார்ந்து டிரம்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பான். அழகம்மாள் மறுபடி மார்க்கெட்டுக்குப் போனாள். தராசுகள் ஒழுங்காகக் காட்டின. ஒருதரம் பாலக்காட்டிலிருந்து அவள் புருஷன் போனில் பேசினான். அன்று பெட்டியைப் பிடித்திருந்தபோதே அவள் ஒரு சாண் மேலே போனாள். முனீஸ்வரி அவள் தோளில் கையை வைத்து அழுத்தி, போனை வாங்கி அணைத்தாள். முனீஸ்வரிக்குச் சந்தேகம் முழுக்கப் போய்விட்டதென்று சொல்ல முடியாது. பாண்டியராஜ் அழகம்மாளின் பெயரை முழுசாகச் சொல்கிறானா, செல்லமாகச் சுருக்குகிறானா என்று எழுத்தெண்ணி அவள் இன்றும் கவனிக்கிறாள். ஆனால் கிளம்ப நேரமானால் அவசரப்படுத்துகிறவளும் அவள்தான்.

வருஷங்கள் போய்விட்டன. ஒட்டன்சத்திரத்திலிருந்து திரும்பும் நாட்களில் சின்னாளபட்டி முனையில் அவள் வண்டியை விட்டு இறங்குவதைத் தெருவே பார்க்கிறது. இடது கையில் டிரம்ஸ்காரனின் இரும்புப் பெட்டி தொங்கும், அதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்பதில்லை. வலது கையில், அழகம்மாள் திணித்துக் கொடுத்துவிட்ட முருங்கைக்காயும் வெங்காயமும் தக்காளியும் நிறைந்த பை ஒருபக்கமாக அவளை இழுக்கும். அதைக் கொஞ்ச தூரம் பிடித்துக்கொண்டு வரத்தான் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கிறது.