இது சோப்பு, மருந்து இல்லை

அக்கா அழகு நிலையம் நடத்தினாள். அதன் கொல்லையில் தங்கை மூன்று ஆடுகள் வளர்த்தாள். இருவருக்கும் நடுவே சண்டை என்று வந்தால் அது ஆடுகளால்தான். "முடி வெட்ட வர்றவங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்றாங்கடி" என்று அக்கா பொருமுவாள்.

பிறகு ஆட்டுப்பால் சோப்புக்கு ஒரு காலம் வந்தது. ஃபோனைத் திறந்தால் அதுதான். "உங்ககிட்ட இருக்கா?" என்று நாற்காலியில் உட்காரும் பெண்கள் வரிசையாகக் கேட்கத் தொடங்கியதும், அக்காவின் பார்வை மெல்லக் கொல்லைப் பக்கம் திரும்பியது.

முதல் முறை கறந்த சூட்டோடு பாலில் காஸ்டிக் சோடாவைப் போட்டார்கள். பால் செங்கல் நிறத்தில் பொங்கி வீடே நாறியது. ஆடுகளே ஒதுங்கி நின்றன. அடுத்த முறை தங்கை பாலைக் கட்டியாக உறைய வைத்து, கையுறை மாட்டிக்கொண்டு, சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, தேங்காய் எண்ணெயில் கலந்தாள். வாசனை எதுவும் சேர்க்கவில்லை. தந்த நிறத்தில் சோப்பு வந்தது. துண்டு துண்டாக வெட்டி ஒரு மாதம் அலமாரியில் காய வைத்தார்கள். விற்பனைக்கு வைத்த வாரமே அலமாரி காலியானது.

ஒரு நாள் பள்ளி வேன் ஓட்டுபவர் வந்தார்.

"என் பொண்ணுக்குக் கையெல்லாம் அரிப்பும் வெடிப்புமா இருக்கு. இதைப் போட்டா சரியாயிடும்னு சொல்றாங்களே?"

அக்கா ஆமாம் என்று தலையாட்டுவதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "இல்லண்ணே. நானே மூணு மாசமா இதைத்தான் போடுறேன். என் முழங்கைப் படை அப்படியேதான் இருக்கு. தோல் வறண்டு இழுக்காது, அவ்வளவுதான். முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க."

அவர் வெறுங்கையோடு போனார்.

"வந்தவரை வாசலோட அனுப்பிட்டியே! உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்று அக்கா கொதித்தாள். அப்புறம் சட்டென்று நின்றாள். "என்ன சொன்னே, முழங்கையில படையா? எங்கே, காட்டு."

தங்கை சட்டைக் கையை மடித்தாள்.

"ஊர்ல உள்ளவங்க முகத்தையெல்லாம் நான் பார்க்கிறேன். உன் கையைப் பார்க்கலையே" என்றாள் அக்கா. குரல் தணிந்திருந்தது. மறுநாள் கடையை அரை நாள் சாத்திவிட்டுத் தங்கையை மருத்துவரிடம் கூட்டிப்போனாள்.

மூன்று வாரம் கழித்து வேன்காரர் திரும்பி வந்தார். மகளுக்குக் களிம்பில் அரிப்பு அடங்கிவிட்டதாம். வாசனை சேர்க்காத சோப்பாகப் பார்த்துப் போடச் சொன்னாராம் மருத்துவர்.

"எனக்கு உங்க கடைதான் ஞாபகம் வந்துச்சு. வேன்ல வர்ற பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்."

சொன்னபடியே தாய்மார்கள் வந்தார்கள். உள்ளூர்க் கடை ஒன்று பெட்டி பெட்டியாகக் கேட்டது. ஏழு நாளில் சிவப்பாக்கும் என்று உறையில் அச்சடிக்கச் சொன்னது. தங்கை வாயைத் திறப்பதற்குள் அக்காவே பேனாவை எடுத்து, 'இது சோப்பு, மருந்து இல்லை' என்று பெரிதாக எழுதி அச்சகத்துக்கு அனுப்பினாள். அந்தக் கடை முகம் சுளித்தது; ஆனாலும் பாதிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டது.

சென்ற வாரம் புதிதாக வந்த ஒருத்தி சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டா அழகாயிடுவேனா?" என்று கேட்டாள்.

"அழுக்குப் போகும், தோல் இழுக்காது. மிச்சத்துக்கு இந்த நாற்காலியில உட்காருங்க, பார்க்கலாம்" என்றாள் அக்கா.

"சரி, சோப்பும் நாலு குடுங்க" என்று வந்தவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். தங்கை நான்கு சோப்புகளைக் காகிதத்தில் சுற்றத் தொடங்கினாள்.