டார்கஸின் போர்வையில் பூனை முடி

வெர்லீன் ஸ்டக்கி பூனை வளர்க்க ஆரம்பித்தது பூனைமேல் கொண்ட பிரியத்தால் அல்ல. டார்கஸ் அமண்ட்சன்மேல் கொண்ட வன்மத்தால்.

மூன்று வருடங்களுக்கு முன், மேற்கு நெப்ராஸ்கா வட்டாரக் குவில்ட் போட்டியில், வெர்லீன் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைக்கு முதல் பரிசான நீல ரிப்பன் கிடைக்கும் தறுவாயில் நடுவர் அதிலிருந்து ஒரு பூனை முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முடி கண்டால் போர்வை போட்டியை விட்டு வெளியே. அந்த வட்டாரத்தில் அது கொலைக்கு அடுத்த குற்றம். வெர்லீன் வீட்டில் அன்று பூனையே கிடையாது. ஒரு தங்கமீன் இருந்தது, அதற்கு முடி உதிர்வதில்லை. ஆனால் போட்டிக்காரர்களே முறை வைத்துப் போர்வைகளை நடுவருக்குத் தூக்கிக் காட்டும் அந்த ஊரில், அன்றைய முறை டார்கஸுடையது. டார்கஸ் வீட்டில் இரண்டு பூனைகள். ரிப்பனும் அவளுக்கே போயிற்று.

இந்த வருடம் தூக்கிக் காட்டும் முறை வெர்லீனுக்கு.

அவள் தேடிப் பிடித்த பூனை சாம்பல் நிறம், பதினோரு கிலோ. அது உதிர்த்த முடியில் முதல் வருடமே இரண்டு தலையணை அடைத்தாயிற்று. மிச்சத்தில் பக்கத்துப் பண்ணைக் கோழி ஒன்று அடைகாத்து ஏழு குஞ்சு பொரித்தது. அதில் ஒரு குஞ்சு எலியைக் கண்டால் வயிற்றைத் தரையோடு ஒட்டிப் பதுங்கும். பார்த்தவர்கள் இரண்டு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை போட்டிக்கு நாலு மணி நேரப் பயணம். கணவன் ஆர்லோவுக்குப் பூனை முடி ஆகாது. அவன் தும்மிய தும்மலில் வழியில் ஒரு மக்காச்சோள வயலே ஒருபக்கமாய்ச் சாய்ந்தது.

"நீ தைச்ச போர்வை நல்லாத்தானே இருக்கு, வெர்லீன்? அத நம்பிப் போயேன். எதுக்கு இந்த வேல?"

"ரிப்பன் அடுத்த வருஷமும் வரும். டார்கஸோட மூஞ்சி இன்னிக்குத்தான் கெடைக்கும். நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

போட்டி, சந்தை மைதானத்து ஆட்டுக் கொட்டகையில். ஆடுகளைத்தான் வெளியேற்றியிருந்தார்கள், வாடையை அல்ல. தைத்தவர்கள் எதிரே மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து, நடுவர் சொல்வதை வாய் திறக்காமல் கேட்க வேண்டும். இது என்னுடையது என்று யார் காட்டிக்கொண்டாலும் போர்வை வெளியே. தூக்கிக் காட்டுபவருக்கு வெள்ளைக் கையுறை. புதுசு வேண்டுமானால் பழசைக் குறிப்பெழுதும் அம்மாளிடம் கொடுக்க வேண்டும். அந்த அம்மாள் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்துத்தான் வாங்குவாள்.

வெர்லீனின் சட்டைப்பையில் இருந்த இன்னொரு ஜோடி முந்தின இரவு அந்தப் பூனையின் வயிற்றடியில் தூங்கியது. முதல் ஐந்து போர்வைக்கும் அது வெளியே வரவில்லை.

ஆறாவதாக டார்கஸின் போர்வை வந்தது. கருநீலத்தில் வெள்ளை நட்சத்திரங்கள். வெர்லீன் மேசைக்கடியில் ஜோடியை மாற்றிக்கொண்டு, அதை இரண்டு கையாலும் வாஞ்சையோடு நீவி விரித்தாள். பெற்ற பிள்ளையைக்கூட அவள் அப்படித் தடவியதில்லை. நடுவர் குனிந்தார். சட்டைப்பையிலிருந்து இடுக்கியை எடுத்தார்.

"பூனை முடி. ஒண்ணு இல்ல, ஒரு குடும்பமே இருக்கு. எழுதிக்கம்மா, போர்வை வெளியே."

முன்வரிசையில் டார்கஸின் முகம் வெந்த பீட்ரூட் நிறத்துக்கு வந்தது. அவள் போர்வையைப் பார்த்தாள், கையுறையைப் பார்த்தாள், வெர்லீனைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

மறுபடி ஜோடி மாற்ற இடைவெளி தராமல் ஏழாவது போர்வையை மேசைமேல் வைத்தார்கள். நாலாயிரத்து இருநூறு துண்டு, பதினாலு மாத வேலை. வெர்லீனுடையது. வழக்கமான பெயர் வரிசைப்படி அது நாற்பதாவதாக வரும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். இந்த வருடம் சீட்டுக் குலுக்கி வரிசையை மாற்றிவிட்டிருந்தார்கள்.

டார்கஸ் அந்தத் தையலை இருட்டிலும் அடையாளம் கண்டுகொள்வாள். அவள் உதட்டோரம் மெல்ல மேலேறியது.

"கையுறைய மாத்திக்கிறீங்களா? முடி ஒட்டியிருக்கப் போவுது," என்றார் நடுவர்.

மாற்றினால் பழசு அந்த அம்மாள் கைக்குப் போகும். திருட்டுத்தனம் வெளிப்பட்டு டார்கஸின் போர்வை உள்ளே வரும். மாற்றாவிட்டால் பதினாலு மாதம் போயிற்று. வெர்லீன் ஒரு கணம் தன் போர்வையைப் பார்த்தாள். இன்னொரு கணம் டார்கஸின் உதட்டைப் பார்த்தாள்.

"வேணாங்க. இதுவே போதும்."

தூக்கினாள். நடுவர் மறுபடி இடுக்கியை எடுத்தார்.

"இதுலயும்! இந்த ஊர்ல பூனைங்கதான் தைக்குதா? இதுவும் வெளியே." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இது எப்படி வருதுன்னு யாருக்காவது தெரியுமா?"

டார்கஸ் பாதி எழுந்தாள். சொல்லத் தெரியும். ஆனால் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். மூன்று வருடத்துப் பழைய முடி ஒன்றுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டிவரும். வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. பக்கத்தில் இருந்தவள், "என்ன டார்கஸ், மேலுக்கு முடியலியா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. கால் மரத்துப் போச்சு," என்று டார்கஸ் உட்கார்ந்தாள்.

தூக்கிப் பிடித்த போர்வைக்குப் பின்னால் வெர்லீன் இருப்பதற்கு, கீழே தெரிந்த ஒரு ஜோடி செருப்புதான் சாட்சி. அடக்கிய சிரிப்பில் போர்வை லேசாகக் குலுங்கியது.

"ஆட்டாம பிடிங்கம்மா," என்றார் நடுவர்.