வயிற்றுவலி வந்த மன்னன்

அரண்மனைப் படகு உல்தோ தீவுக்கு வந்தபோது ஓக்தான் முழங்கால் சேற்றில் நின்று சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் தேடியது அவள் கணவன் ரியோலை.

ரியோல் அரச குலத்துப் பிள்ளை. தளபதிகள் அவன் பெரியப்பாவின் ஆட்சியைக் கவிழ்த்த காலத்தில், நடை பழகும் வயதில் தீவுக்குத் துரத்தப்பட்டவன். வளர்ந்து, உப்புக் காய்ச்சுகிறவரின் மகளான ஓக்தானைக் கட்டிக்கொண்டு, வலை பின்னிப் பிழைத்து வந்தான். இப்போது தளபதிகள் அமர்த்திய மன்னர் குதிரைப் பந்தாட்டத்தில் விழுந்து இறந்துவிட்டார். வாரிசு இல்லை. புது மன்னரைக் காண வடக்கேயிருந்து கித்தான் பேரரசின் தூதர் வேறு கிளம்பிவிட்டார்.

“மன்னரா? இவரா?” ஓக்தானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஐயா, ஆட்டைப் பிடிச்சுக் கட்டச் சொன்னா, ஆடு இவரை இழுத்துட்டுப் போயிடும். நாட்டை எப்படிய்யா பிடிப்பாரு?”

“ஆடு மாதிரி நாட்டுக்கு நாலு கால் இல்லையே, சமாளிச்சுடலாம்” என்றான் ரியோல். ஆனால் அவன் முகம் வெளிறியிருந்தது.

தலைநகர் கேக்யோங்கில் தளபதி பியோன் அவனுக்கு முடிசூட்டினார். ஆளுவதெல்லாம் அவர்தான். “நீங்க உக்காந்தா மட்டும் போதும் மன்னா. மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றார்.

ரியோலும் உட்கார்ந்தான். நீட்டிய இடத்திலெல்லாம் முத்திரை வைத்தான். ஓக்தான் அரண்மனைச் சமையலறைக்குள் புகுந்து, தீவு முறையில் கடற்பாசிக் கஞ்சி வைத்துப் பணிப்பெண்களையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

புது மன்னர் பட்டமேறினால் கைதிகளை விடுவது வழக்கம். பியோன் அந்த ஆணையைக் கொண்டுவந்தார். ரியோல் முதல்முறையாக நிறுத்தி வாசித்தான்.

“உல்தோவுக்குத் துரத்தினவங்க பேரைக் காணோமே?”

“அவங்க என் எதிரிங்க. திருடனை விடுவேன், அவங்களை விடமாட்டேன்.”

அந்த எதிரிகளோடுதான் ரியோல் வளர்ந்தான். பக்கத்து வீட்டுக் கில், முன்னாள் அமைச்சர். தலைநகரில் இருக்கும் மகளின் கையால் ஒருவேளை சோறு சாப்பிட வேண்டும் என்று தினமும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் கிழவர். அன்று ரியோல் சாப்பிடவில்லை.

“என்னங்க செய்யப்போறீங்க?” என்றாள் ஓக்தான்.

“என்கிட்ட படை இல்ல, காசு இல்ல. ஒரு வயிறுதான் இருக்கு.”

தூதர் ஊருக்குள் நுழைந்த காலையில் மன்னர் படுத்துவிட்டார். போர்வைக்குள்ளிருந்து முனகல் கேட்டது. பியோன் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

“எழுப்பும்மா! மன்னரைக் காட்டலேன்னா நான் கொன்னுட்டேன்னு நினைப்பான் தூதன். எல்லையில படை வந்து நிக்கும்!”

“நான் என்ன பண்ணட்டும் தளபதி? உப்புக்காத்து இல்லாம இவருக்கு ஆகாது. தீவு சனம் ஊருக்கு வந்தா, அவங்க மேல ஒட்டியிருக்கிற உப்பு வாசத்துலயே எழுந்துடுவாரு” என்றாள் ஓக்தான், சிரிக்காமல்.

பியோன் அவளை முறைத்தார். முனகல் இன்னும் பலமாயிற்று. வாசலில் தூதரின் கொம்பு முழங்கியது.

“கொண்டாய்யா அந்த ஆணையை!” என்று கத்தினார்.

உல்தோவின் பெயர் ஏறியது. ரியோல் படுக்கையிலிருந்தபடியே முத்திரை வைத்தான். அதை அரண்மனை வாசலில் உரக்கப் படிப்பதும் மக்கள் ஆரவாரம் செய்வதும் காதில் விழுந்த பிறகுதான் எழுந்தான். இரண்டு அரிசிப் பணியாரத்தை வாயில் போட்டுக்கொண்டு சபைக்குப் போனான். தூதருக்கு அவனை மிகவும் பிடித்துவிட்டது. வலை பின்னுவது பற்றியே நெடுநேரம் பேசினார்களாம்.

தூதர் கிளம்பிய மறுநாளே, தீராத வயிற்றுவலியால் மன்னர் முடி துறந்தார் என்று பியோன் அறிவித்தார். தூதர் பார்த்து மெச்சிய ஆளைக் கொன்றால் வம்பு. அதனால் பழைய தீவுக்கே அனுப்பினார். ரியோலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

துறையில் அவர்கள் படகேறப் போகும்போது, எதிரே தீவுப் படகுகள் வந்து கரை தட்டின. கிழவர் கில் முதலில் குதித்து, தண்ணீரில் விழுந்து, எழுந்தார். அவர் மகள் ஓடிவந்து ஈரத்தோடு கட்டிக்கொண்டாள். தலைக்குமேல் அவள் தூக்கிவந்த சோற்றுப் பானை சாய்ந்து பாதி மணலில் கொட்டியது. யாரும் கவலைப்படவில்லை. யாரோ மத்தளம் தட்ட, கள்ளுக் குடம் கைமாற, துறையே ஆடியது. தளபதியின் காவலர்களும் கால் தட்டினார்கள். ரியோலைத் தோளில் தூக்கிச் சுற்றினார்கள்.

“மன்னா, நீயும் இங்கேயே இருந்துடேன்டா!” என்றார் கில், வாய் நிறையச் சோற்றோடு.

“வேண்டாம் மாமா. அந்த நாற்காலி இடுப்பைப் பிடிச்சுக்கிச்சு.”

“போதும் ஆட்டம்!” ஓக்தான் படகிலிருந்து கத்தினாள். அவள் கண்ணும் நனைந்துதான் இருந்தது. “தண்ணி வத்துதுங்க, ஏறுங்க! அப்புறம் படகை நீங்கதான் இழுக்கணும்!”

ரியோல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினான்.