ஐரிஸின் பீர் இன்னும் பதமாகவில்லை

டாக்டர் குறித்துக் கொடுத்த நாளுக்குப் பிறகு ஐரிஸ் ட்ரெலோர் நான்கு வருடம் இரண்டு மாதம் உயிரோடு இருந்தாள். வீட்டுக்குக் கீழே சலவை அறையில் இருந்த பீர் பதமாகவில்லை என்பதுதான் காரணம். கரும்பு ஊரான வுண்டாராவில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. கரும்பு ஆலைச் சங்கு எத்தனை மணிக்கு ஊதும் என்று தெரிந்திருப்பதைப் போல இதுவும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மருந்துக்கடைக்காரர் வலி மாத்திரைச் சீட்டில், எதுவரை என்ற இடத்தில், ‘பாட்டிலில் அடைக்கும் வரை’ என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

டாக்டர் மூன்று வாரம் என்று சொன்ன அன்று ஐரிஸ் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் புருஷனைக் கூப்பிட்டாள். “லாய்ட், என் சாவுக்கு வர்றவங்களுக்குக் கடை பீரை ஊத்தின, எந்திரிச்சு வந்து கொட்டிருவேன் பாத்துக்க. நீயே போடு. அது பதம் ஆகுற வரைக்கும் நான் போகல.” முப்பத்தொரு வருடமாக அவர் போட்ட பீரை ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் குடித்தவள் அவள். லாய்ட் அன்றே பிளாஸ்டிக் பீப்பாயைக் கழுவி, பார்லி மால்ட் கரைத்து, ஈஸ்ட் தூவி மூடினார். மூடியில் செருகிய வளைகுழாயில் மறுநாள் காலை முதல் குமிழி வந்தது. மேலே ஐரிஸ் மூச்சு விடும்போதெல்லாம் கீழே ஒரு குமிழி வந்ததை இரண்டு நாள் கழித்துத்தான் அவர் கவனித்தார்.

பீருக்குப் பதம் பார்ப்பது அந்த ஊரில் கண்ணாடி மிதவையை வைத்துத்தான். பீப்பாய்க் குழாயிலிருந்து கொஞ்சம் பிடித்து மிதவையைப் போட்டால் அது ஒரு எண்ணில் நிற்கும். சர்க்கரை தீரத் தீர எண் இறங்கும். மூன்று நாள் ஒரே எண்ணில் நின்றால் பாட்டிலில் அடைக்கலாம். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து வீட்டு மெர்வ் சாட்சி. மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தய நாளுக்குள் குடித்தே தீருவேன் என்று அவன் முன்கூட்டியே அடைக்க, அத்தனை பாட்டிலும் வெடித்து, ஒரு கண்ணாடித் துண்டு தரைப் பலகையைத் துளைத்துக்கொண்டு மேலே குளித்துக்கொண்டிருந்த அவன் மாமியாருக்குப் பக்கத்தில் போய்க் குத்தி நின்றது. அதற்குப் பிறகு மெர்வ் பொறுமையைப் பற்றி ஊருக்கே பாடம் நடத்தினான்.

பன்னிரண்டாம் நாள் மிதவை ஆயிரத்து எட்டில் நின்றது. பதின்மூன்றாம் நாளும் ஆயிரத்து எட்டு. அன்று ஐரிஸின் நகங்கள் நீலம் பாய்ந்தன, தண்ணீர்கூட இறங்கவில்லை. பதினான்காம் நாள் காலை லாய்ட் கையில் மிதவையுடன் பீப்பாய் முன்னால் நின்றார். அதைப் போட்டுப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மேலே போய் ஒரு கோப்பை நிறையச் சர்க்கரை கொண்டுவந்து பீப்பாய்க்குள் கொட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் குமிழி வந்தது. மேலிருந்து ஐரிஸ், டோஸ்ட் கேட்டுக் குரல் கொடுத்தாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு கோப்பை. ஐரிஸ் கேட்டால் “இன்னும் பதம் வரல” என்பார். நான்கு வருடம் கொட்டிய சர்க்கரைக்குப் பீப்பாய் நிரம்பி வழியவுமில்லை, ஈஸ்ட் சாகவுமில்லை. நோயும் தன் வேலையை நிறுத்தவில்லை. சாவு மட்டும்தான் வரவில்லை. ஐரிஸ் நாளுக்கு நாள் இளைத்து, இரண்டாம் வருடம் ஒரு கோழியின் எடைக்கு வந்தாள், மூன்றாம் வருடம் ஒரு தலையணை உறையின் எடைக்கு. ஜன்னலைத் திறந்தால் படுக்கையிலிருந்து கிளம்பிவிடுவாள் என்று லாய்ட் போர்வையின் ஓரத்தில் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தார். வலிக்கு மட்டும் எடை குறையவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே மறுநாளும் கோப்பையை எடுத்துப் போனாரே, அந்த மனுஷனை என்னவென்று சொல்வது.

காட்டிக் கொடுத்தது எறும்புதான். ஐந்தாம் வருடம், அறுவடைக்கு முன் கரும்புத் தோட்டங்களைக் கொளுத்திய மாதத்தில், கரிச்சாம்பல் வாசல்வரை வந்து விழுந்த ஒரு காலையில், சமையலறைச் சர்க்கரை டப்பாவிலிருந்து ஒரு வரிசை புறப்பட்டு அவள் கதவைத் தாண்டிப் படியிறங்கியது.

“லாய்ட், இந்த எறும்பெல்லாம் எங்க போகுது?”

“கீழ.”

“கீழ என்ன இருக்கு?”

“துணி தொவைக்கிற மெஷின்.”

“எறும்புக்குத் துணி தொவைக்கணுமா?”

லாய்ட் கட்டிலில் உட்கார்ந்தார்.

“நாலு வருஷமா வலிக்குது,” என்றாள் ஐரிஸ். “நீ படியிறங்குற சத்தம் தெனமும் கேக்கும். பீரைப் பாக்கப் போறான்னு இருந்தேன். இனிமே போடாத. அடைச்சதுல ஒரு பாட்டில்கூட மிச்சம் வைக்காத. சத்தியம் பண்ணு.”

சத்தியம் பண்ணினார்.

முதல் நாள் ஆயிரத்து எட்டு. இரண்டாம் நாள் ஆயிரத்து எட்டு. மூன்றாம் நாள் மெர்வைத் துணைக்குக் கூப்பிட்டார். மெர்வ் மிதவையைப் பார்த்துவிட்டு, “பதம் வந்துருச்சு லாய்ட்,” என்றான், அவர் முகத்தைப் பார்க்காமல். முப்பது பாட்டில். நுரை கட்டுவதற்காக ஒவ்வொன்றிலும் வழக்கமான ஒரு ஸ்பூன் சர்க்கரை. “அந்த ஒரு ஸ்பூன் போட்டுக்க, பரவால்ல,” என்று ஐரிஸே மேலிருந்து அனுமதி கொடுத்தாள். முப்பதாவது மூடியை அழுத்தியபோது மேலே மூச்சுச் சத்தம் நின்றது. சவப்பெட்டியில் அவள் தங்கவில்லை, மூடிக்கே எழும்பி வந்தாள். அதனால் இஸ்திரிப் பெட்டியையும் உள்ளே வைத்துப் புதைத்தார்கள்.

பாட்டிலில் நுரை கட்ட இரண்டு வாரம் ஆகும் என்பதால் ஊர் இரண்டு வாரம் பொறுத்து மண்டபத்தில் கூடியது. ஒவ்வொரு மூடியையும் திறந்தபோது ஐரிஸ் நாற்காலியில் உட்காரும்போது விடும் பெருமூச்சு ஒன்று வெளியே வந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள், பிறகு குடித்தார்கள். லாய்ட் போட்டதிலேயே அதுதான் நல்ல பீர் என்றார்கள். மெர்வ் தரையில் கிடந்த மூடிகளைப் பொறுக்கினான். இருபத்தொன்பது இருந்தது.

“ஒண்ணு வெடிச்சுருச்சு,” என்றார் லாய்ட்.

வெடித்த பாட்டில் எப்படி இருக்கும் என்று மெர்வைவிடத் தெரிந்தவர் அந்த ஊரில் இல்லை. லாய்டின் சலவை அறையைக் காலையில் கூட்டிக் கொடுத்ததும் அவன்தான். “ஆமா, வெடிக்கும்,” என்றான்.

அந்தப் பாட்டில் இன்றும் சலவை அறை அலமாரியில்தான் இருக்கிறது. கோடைக்காலத்தில் அதற்கு வலி கூடும். முனகுவது தெருவரை கேட்கும். அஞ்சல்காரர் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, “காலை வணக்கம், ஐரிஸ்,” என்று சொல்லிவிட்டுப் போவார். லாய்ட் தினமும் காலையில் படியிறங்கி, பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். உள்ளேயிருந்து ஏதோ கேள்வி வருகிறது. “இன்னும் பதம் வரல,” என்று சொல்லித் திரும்ப அதே இடத்தில் வைக்கிறார்.