மூன்று பீப்பாயும் ஐந்தாம் மணியும்

எங்கள் ஊர் சர்ச் கோபுரத்து ஐந்தாம் மணியின் தாங்குகட்டையை நான் உடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு. அந்த நிமிடம் நன்றாக ஞாபகமிருக்கிறது, ஏனென்றால் அப்போது என் கால் தரையில் இல்லை.

மணியை வாய் மேலே பார்க்க நிறுத்திவைப்பது அந்தக் கட்டைதான். கடைசி இழுப்பில் கயிற்றைப் பூப்போல விட வேண்டும் என்று கோபுரத் தலைவி மேவிஸ் பதினோரு வாரமாகச் சொல்லிவந்தார். நானோ கன்றுக்குட்டியைச் சேற்றிலிருந்து தூக்குகிறவன் மாதிரி இழுத்தேன். மேலே ‘மடார்’ என்றது. அரை டன் வெண்கலம் தலைகுப்புறச் சுழன்றது. “கயித்த விடு!” என்று ஐந்து பேர் கத்தினார்கள். சொன்ன பேச்சு கேட்காத வழக்கம் எனக்கு நாற்பத்தைந்து வருடமாக உண்டு. ஆறடி மேலே போன பிறகுதான் விட்டேன். விழுந்த இடத்தில், ஜெபத்துக்கு முழங்காலிடும் மெத்தைகளை யாரோ அடுக்கிவைத்திருந்தார்கள். கிறிஸ்தவம் எனக்குச் செய்த மிக நேரடியான உதவி அது.

மேவிஸ் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். “அதே மணி! அப்பனுக்குப் புள்ள தப்பாமப் பொறந்திருக்கு.”

சொன்ன மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டார். மற்ற நான்கு பேரும் தங்கள் ஷூக்களை ஆராய ஆரம்பித்தார்கள்.

“எங்கப்பாவா? அவர் இந்த வாசப்படிய மிதிச்சதே இல்லியே?”

“மழை வரும் போலிருக்கு,” என்றார் மேவிஸ். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

என் அப்பா ரெஜ் பக்லர் பால் லாரி ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மணி விழுந்ததும் எழுந்து வீட்டு ஜன்னல்களை எல்லாம் சாத்துவார். ஆகஸ்ட் வெயிலிலும் சாத்துவார். மணிச்சத்தம் பட்டால் ஜலதோஷம் பிடிக்கும் என்று நானாகவே ஒரு மருத்துவத்தைக் கண்டுபிடித்து, எட்டு வயதுவரை அதைப் பள்ளியில் போதித்தும் வந்தேன். போன ஜனவரியில் அவர் இறந்தபோது, “மணி வேண்டாம்” என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். எங்கள் ஊரில் ஊரார் சைக்கிளை எல்லாம் திருடிய ஏமஸுக்கே மணி அடித்து வழியனுப்பினார்கள். அப்பா மட்டும் தபாலில் போகிற பார்சல் மாதிரி சத்தமில்லாமல் போனார். அது எனக்கு ஆறவில்லை. வருகிற ஜனவரியில், முதல் வருட நினைவுநாளில், என் கையாலேயே அவருக்கு மணி அடிக்க வேண்டும் என்றுதான் கற்றுக்கொள்ளப் போனேன். அம்மாவிடம், மதுக்கடையில் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற ஸ்கிட்டில்ஸ் ஆடப் போவதாகச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் மதியம் மதுக்கடையில் சிரில் ரெண்டெலைப் பிடித்தேன். அப்பாவின் வயதுக்காரர். அவர்கள் குடும்பம் நாலு தலைமுறையாக ஆப்பிளைப் பிழிந்து, புளிக்கவைத்து, சைடர் மது தயாரிக்கிறது.

“மிஸ்டர் ரெண்டெல், எங்கப்பாவுக்கும் அஞ்சாம் மணிக்கும் என்ன?”

“உன் தோட்டத்துல அவரைக்கொடி எப்படிக் காய்ச்சிருக்கு?”

“அவரைக்காய் கெடக்கட்டும்.”

“உங்கம்மா சௌக்கியமா?”

“சௌக்கியம். மணி.”

அவர் கிளாஸைக் காலிசெய்து என் பக்கம் ஓர் அங்குலம் நகர்த்தினார். நிரப்பிக் கொடுத்தேன்.

“மூணு பீப்பா,” என்றார்.

பிறகு நிறுத்த முடியவில்லை. 1940, செப்டம்பர். போர்க்காலம். நாட்டில் எந்த சர்ச்சிலும் மணி அடிக்கக் கூடாது என்று உத்தரவு. அடித்தால் ஜெர்மன்காரன் பாராசூட்டில் இறங்கிவிட்டான் என்று பொருள். ஒரு நாள் பட்டப்பகலில் எங்கள் ஐந்தாம் மணி அடித்தது.

“பாதிரியார் வெள்ளிக் கோப்பைய உருளைக்கிழங்குப் பாத்தியில பொதைச்சாரு. எங்க பொதைச்சோம்னு மறந்துபோய் ஒரு வாரம் தோண்டினாரு. வாத்தியாரம்மா அடுப்புக் கம்பியோட பாலத்துல நின்னா. எங்கப்பா, ஜெர்மன்காரன் வாயில ஒரு சொட்டுகூடப் படக் கூடாதுன்னு மூணு பீப்பா சைடரையும் ஓடையில தொறந்து விட்டாரு. ஊரு வாத்தெல்லாம் ரெண்டு நாள் நேரா நடக்கல.”

“ஜெர்மன்காரன்?”

“ஏது? பாதிரியார் வீட்டுக் கொடியில காஞ்ச மூணு படுக்கை விரிப்பு! காத்துல பறந்துபோய் மலை வேலியில எறங்கியிருக்கு. கோபுரத்துல போய்ப் பாத்தா உங்கப்பன் நிக்கறான். பதினேழு வயசு. ‘நான்தான்’னான். நல்ல பையன்தான், ஆனா பயந்தாங்கொள்ளி. அப்புறம் கப்பல்படைக்குப் போய் ரெண்டு வெரலக் குடுத்துட்டு வந்தான். அதோட ஊரே வாய மூடிக்கிச்சு. மன்னிச்சுட்டோம். சைடர மட்டும் மன்னிக்கல.”

வீடு வரும்வரை அது எனக்குப் பொருந்தவே இல்லை. கட்டறுத்த காளைக்கு முன்னால் போய் நின்று, “என்ன, வீட்டுக்குப் போகலாமா?” என்று கேட்ட மனிதர். இரண்டு வயல் தள்ளி முயல் காதை ஆட்டினால் சொல்லிவிடுவார். அவரா படுக்கை விரிப்பைப் பார்த்து மிரண்டார்?

அம்மா சமையலறையில் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

“அம்மா, நான் செவ்வாய்க்கிழமை ஸ்கிட்டில்ஸ் ஆடப் போகல.”

“தெரியும். உள்ளங்கையில கொப்புளம் வர்ற ஸ்கிட்டில்ஸ் எங்கயாவது உண்டாடா? நேத்து கட்டைய ஒடைச்சதும் தெரியும். மேவிஸ் போன் பண்ணா.”

“அப்பா பயந்தாங்கொள்ளியா?”

கத்தி நின்றது. “எவன் சொன்னான்?”

“சிரில்.”

“சிரில் அன்னிக்கு முழுக்கக் கோழிக்கூண்டுக்குள்ள இருந்தான். அதச் சொன்னானா? தலையெல்லாம் எச்சம்.”

“அப்பா எதுக்கும்மா மணிய அடிச்சார்?”

“டீ போடட்டுமா?”

“வேண்டாம்.”

“கேக் இருக்கு.”

“அம்மா, ஜனவரியில அவருக்கு நான் மணி அடிக்கப்போறேன். நீ கூடாதுன்னா ஏன்னு சொல்லு. இந்த ஊர்ல ஒரு கேள்விக்கு ஒருத்தராவது பதில் சொல்லுங்களேன். மழை, அவரைக்காய், கேக்... எனக்கு வயசாகுது.”

அவள் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல் அவரைக்காயைப் பார்த்துப் பேசினாள்.

“ஜன்னலச் சாத்தினது அவருக்காக இல்லடா. எனக்காக. அந்தச் சத்தம் எனக்கு ஆகாது.”

“உனக்கா? ஏன்?”

“எங்கப்பா சர்ச்சுல கல்லறைக் குழி வெட்டறவர். கோபுரத்துச் சாவி எங்க வீட்டு ஆணியிலதான் தொங்கும். அந்த வேலை போனா குடியிருந்த வீடும் போயிடும். எனக்குப் பதினாலு வயசு. வீட்ல யாரும் இல்ல. மலை மேல வெள்ளையா மூணு எறங்கிச்சு...”

நான் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

“உங்கப்பா அது வெறும் துணின்னு பாத்துட்டு, உள்ள ஓடி வந்தது என்னை நிறுத்தத்தான். அதுக்குள்ள ஜனங்க வர்ற சத்தம் கேட்டுச்சு. என்னைப் பின்கதவு வழியாத் தள்ளிவிட்டுட்டு, கயித்த அவர் பிடிச்சுக்கிட்டார். அதுவரைக்கும் என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினவர்கூட இல்ல. அம்பத்திநாலு வருஷம் சிரில் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சுட்டு இருந்தார்.” இப்போதுதான் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “அடிச்சது நான்தான், க்ளெம். ஜனவரியில நீ அடி. அதுக்கு முன்னாடி இத ஊர்ல எல்லாருக்கும் சொல்லிடு.”